ஆற்றுக்கு அடியில் ஆயிரம் லிங்கம்: க்பால் ஸ்பியன் போகிறவர்களுக்கு

சிற்பம் என்றால் கண்ணுக்கு எதிரே நிற்கும், வெளிச்சம் படும், சுற்றி வந்து பார்க்கலாம் என்பதுதான் நமக்குப் பழக்கம். கம்போடியாவின் க்பால் ஸ்பியனில் அந்தப் பழக்கம் எடுபடாது. காட்டுக்குள் ஓடும் ஓர் ஓடையின் தரையே இங்கே சிற்பம். லிங்கங்கள் வரிசை வரிசையாகப் படுகைப் பாறையில் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் தலைக்கு மேல் தண்ணீர் ஓடுகிறது. நீர் அதிகமாக இருக்கும் மாதத்தில் போனால் கலங்கல் ஓடை ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். ஒன்றரை கிலோமீட்டர் மலையேறிப் போய் ஒன்றும் இல்லை என்று அலுத்துக்கொள்கிறவர்களில் பலர் தப்பான மாதத்தில் போனவர்கள்.

இந்தச் சிற்பங்கள் பார்வையாளருக்காகச் செய்யப்பட்டவை அல்ல, தண்ணீருக்காகச் செய்யப்பட்டவை. எந்த மாதம் போவது, எந்தக் கோணத்தில் பார்ப்பது, எது ஏன் தேய்ந்திருக்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை இதிலிருந்துதான் கிளைக்கிறது.

தண்ணீரைத் தீர்த்தமாக்கும் பாறை

கெமர் அரசர்களின் பழைய தலைநகரான அங்கோரின் கோயில்களுக்கு வடகிழக்கே நீளும் குலேன் மலைத்தொடரின் சரிவில் இருக்கிறது க்பால் ஸ்பியன். கம்போடியாவின் கெமர் மொழியில் பெயருக்குப் பாலத்தின் தலைப்பகுதி என்று பொருள். ஓடையின் குறுக்கே இயற்கையாகவே அமைந்த மணற்கல் பாலம் ஒன்று உண்டு. பெயர் அதிலிருந்து வந்தது. இந்தப் பாலத்துக்கும் கீழே உள்ள அருவிக்கும் இடையே சுமார் 150 மீட்டர் நீளத்துக்குத்தான் சிற்பங்கள் அடர்த்தியாக இருக்கின்றன. இந்த ஓடை கீழே இறங்கிச் சியம் ரீப் ஆற்றோடு சேர்கிறது. அங்கோர் சமவெளியின் கால்வாய்களுக்கும் பெரிய ஏரிகளுக்கும் நீர் தந்த ஆறு அது. கடைசியில் தோன்லே சாப் ஏரியில் கலக்கிறது.

நம் சிவன் கோயில்களில் கருவறையில் அபிஷேகம் செய்த நீர் ஆவுடையாரில் வழிந்து கோமுகி வழியாக வெளியே வருகிறது. வெளிச்சுவரை ஒட்டி நின்று அதைத் தலையில் தெளித்துக்கொள்கிறோம். லிங்கத்தைத் தொட்டு வந்ததால் அது தீர்த்தம். கெமர் தவசிகளும் அமைச்சர்களும் இதே எண்ணத்தை ஓர் ஆற்றின் அளவுக்குப் பெருக்கினார்கள். குடத்து நீரை லிங்கத்தின் மேல் ஊற்றுவதற்குப் பதிலாக, ஆறு ஓடும் வழியிலேயே லிங்கங்களை வைத்துவிட்டால் அபிஷேகம் இரவு பகலாக நடக்கும்; கீழே வயலுக்குப் பாயும் நீர் முழுவதும் தீர்த்தமாகிவிடும். அர்ச்சகர் வேண்டாம், குடம் வேண்டாம். சமயக் கற்பனையும் நீர்ப்பாசனமும் இவ்வளவு நேராகக் கைகோத்த இடங்கள் குறைவு.

காலம் பற்றிக் கல்வெட்டுகளே பேசுகின்றன. கெமர் அரசன் முதலாம் சூர்யவர்மனின் அமைச்சர் ஒருவர் செய்வித்த பணியை 1054-ஐச் சேர்ந்த கல்வெட்டு குறிக்கிறது; ஆயிரம் லிங்கம் என்ற பேச்சும் கல்வெட்டுகளிலேயே உண்டு. 1059-இல் இரண்டாம் உதயாதித்யவர்மன் இங்கே வந்து பொன் லிங்கம் ஒன்றைப் பிரதிஷ்டை செய்தான். ஆக, அங்கோர் வாட் எழுவதற்கு முந்தைய நூற்றாண்டின் வேலை இது. கெமர் எழுத்து பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது என்பதால், கிரந்தம் வாசித்துப் பழகியவர்களுக்குச் சில வளைவுகள் எங்கோ பார்த்தவை போலத் தோன்றும். வாசித்துவிடலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வெளியுலகுக்கு இந்த இடம் தெரியவந்தது 1960களின் இறுதியில். ழான் பூல்பே என்ற பிரெஞ்சு இனவரைவியலாளரை இங்கே அழைத்துவந்து காட்டியவர் உள்ளூர்த் துறவி ஒருவர். அடுத்து உள்நாட்டுப் போர், அதன் பின் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படையின் ஆட்சி. 1998 வாக்கில்தான் பயணிகள் பாதுகாப்பாகப் போய்வரும் நிலை வந்தது. இந்தப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. அமைத்த பாதையை விட்டு விலகிக் காட்டுக்குள் நடக்கக் கூடாது என்ற விதி இங்கே வெறும் சுற்றுலா ஒழுங்கு அல்ல. இயற்கை அழைப்புக்காக ஒதுங்குவதாக இருந்தாலும் கீழே வாகன நிறுத்தத்திலேயே முடித்துக்கொண்டு ஏறுவது நல்லது.

மாதத்தைத் தேர்வது

பயண ஏடுகள் பெரும்பாலும் ஜூலை முதல் டிசம்பர் வரை போகச் சொல்கின்றன. அருவிக்காகப் போகிறவர்களுக்கு அது சரி. ஜனவரி முதல் ஜூன் வரை அருவி நூலிழையாகி, சில வாரங்களில் வெறும் ஈரப்பாறையாகிவிடும். ஆனால் சிற்பத்துக்காகப் போகிறவர்களுக்குக் கணக்கே வேறு.

சியம் ரீப் பகுதியில் மிக அதிக மழை செப்டம்பர், அக்டோபரில். அப்போது ஓடை நிறைந்து, மண் கரைந்து, நீர் பழுப்பாக இருக்கும். லிங்கங்களின் மேடு 10 சென்டிமீட்டர் அளவுதான். முழங்கால் ஆழக் கலங்கலுக்கு அடியில் அது தெரியாது. நேர்மாறாக மார்ச், ஏப்ரலில் படுகை வறண்டு எல்லா லிங்கமும் வெளியே தெரியும். ஆனால் அவை எதற்காகச் செதுக்கப்பட்டனவோ அந்த நீர் இருக்காது. வெயிலும் அப்போதுதான் கடுமை.

இரண்டுக்கும் நடுவில் நவம்பர் பிற்பாதி முதல் ஜனவரி தொடக்கம் வரை ஒரு நல்ல இடைவெளி கிடைக்கிறது. மழை நின்று மண் படிந்துவிடும்; நீர் கண்ணாடிபோலத் தெளிந்து, லிங்கங்களின் மேல் மெல்லிய படலமாக ஓடும். அருவியும் முழுதாக அடங்கியிருக்காது. நாள் தேர்வு கையில் இருப்பவர்கள் இந்த வாரங்களை விட வேண்டாம். மழைக்காலத்தில் மட்டுமே போக முடிகிறவர்கள், முந்தைய இரண்டு நாள் கனமழை இல்லாத காலைப்பொழுதைப் பிடிக்கலாம். மலைச்சரிவின் சிறு ஓடை என்பதால் மழையோடு சட்டென்று ஏறும், விட்டால் சட்டென்று இறங்கும்.

சீட்டு, வண்டி, ஏற்றம்

க்பால் ஸ்பியனுக்குத் தனிச் சீட்டு இல்லை. அங்கோர் நுழைவுச்சீட்டே போதும்: ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாட்களுக்குள்ளும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள்ளும் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். 12 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். சீட்டில் உங்கள் புகைப்படம் இருக்கும், அடுத்தவர் சீட்டில் போக முடியாது. அங்கோரை ஒட்டிய சியம் ரீப் நகரில் உள்ள அதிகாரபூர்வ நிலையத்திலோ இணையத்திலோ முன்கூட்டி வாங்கிவிடுங்கள்; மலையடிவாரத்தில் கிடைக்கும் என்று நம்பிப் போனால் ஐம்பது கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும். ரொக்கமாகக் கொடுப்பதானால் டாலர் நோட்டில் கிழிசலோ கிறுக்கலோ இருக்கக் கூடாது, வாங்க மாட்டார்கள்.

சியம் ரீப்பிலிருந்து தூரம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரத்தை ஒட்டி. டுக்டுக்கில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. வாடகை பேசும்போது "பந்தே ஸ்ரே" என்று மட்டும் சொன்னால் பந்தே ஸ்ரே கோயிலோடு வண்டி நின்றுவிடும். க்பால் ஸ்பியன் அதையும் தாண்டிச் சுமார் 12 கிலோமீட்டர். பெயரைச் சொல்லி, மேலே ஏறி இறங்க மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசி முடிப்பது பிற்பாடு வரும் தகராறைத் தவிர்க்கும்.

பிற்பகல் 3 மணியளவில் மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள். இதுவே திட்டத்தில் அதிகம் இடறும் இடம். 967-இல் பிரதிஷ்டையான பந்தே ஸ்ரே கோயிலின் செந்நிறச் சிற்பங்களைப் பார்க்க ஆரம்பித்தால் நேரம் போவது தெரியாது. அங்கிருந்து சாப்பிட்டுவிட்டு மெதுவாக வந்தால் வாசலில் நிறுத்திவிடுவார்கள். ஆகவே வரிசையை மாற்றுங்கள். காலை ஏழரைக்கெல்லாம் க்பால் ஸ்பியன் அடிவாரத்தில் இருந்து, வெயில் ஏறும் முன் மலையேறி முடித்து, இறங்கும் வழியில் பந்தே ஸ்ரே.

ஏற்றம் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், நடுத்தர உடல்வாகுள்ளவருக்கு 40 முதல் 45 நிமிடம். வழிநெடுகத் தூரப் பலகைகள் இருக்கின்றன. தூரம் பெரிதல்ல, பாதை சிரமம் தரும். வேர்கள் படிக்கட்டுபோலப் பின்னிக் கிடக்கும், இடையில் பெரிய உருண்டைப் பாறைகள், செங்குத்தான சில இடங்களில் மரப்படி. மழை ஈரத்தில் வேர்தான் பாறையைவிட அதிகம் வழுக்கும். வேரின் மேல் கால் வைக்காமல் இடைவெளி மண்ணில் வைத்து ஏற வேண்டும். கோயிலுக்குத்தானே என்று செருப்போடு வருகிறவர்கள் இறங்கும்போது படும் பாடு பரிதாபம். அடிப்பகுதியில் நல்ல பிடிமானம் உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொசு விரட்டி, தோளையும் முழங்காலையும் மூடும் லேசான பருத்தி உடை இருந்தால் போதும். காட்டு நிழலில் வெயில் குறைவாகத் தெரியும், ஆனால் காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலராததால் உடல் சூடு இறங்காது. தலைசுற்றல் பெரும்பாலும் இதனால் வருவது. முட்டி வலி உள்ளவர்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சோதனை, ஒரு கைத்தடி உதவும். சக்கர நாற்காலிக்கு இங்கே வழியே இல்லை.

பாலத்திலிருந்து அருவி வரை

ஏறி முடிக்கும் இடத்தில் பாதை ஓடைச் சிற்பங்களுக்கும் அருவிக்குமாகப் பிரியும். முதலில் மேலே பாலப் பக்கம் போய், பிறகு நீரோட்டத்தோடு இறங்கி வாருங்கள். தண்ணீர் எந்த வரிசையில் இவற்றைத் தொடுகிறதோ அந்த வரிசையில் பார்ப்பது அது.

மேற்பகுதியிலும் பாலத்தை ஒட்டியும் பள்ளிகொண்ட திருமால். ஆதிசேஷன் மேல் சாய்ந்த உடல், காலடியில் திருமகள், நாபிக்கமலத்தில் பிரமன். திருமெய்யத்தில் குகைக்குள் பார்த்த அதே காட்சி, ஆனால் இங்கே சிற்பி பாற்கடலைச் செதுக்கவில்லை, செதுக்கத் தேவையும் இல்லை. மழைக்காலத்தில் நீர் உயர்ந்ததும் பெருமாள் நிஜமாகவே அலைகளின் நடுவே படுத்துவிடுகிறார். நீர் வடிந்த மாதங்களில் ஈரக்கோடு அவர் உடலில் எந்த உயரம்வரை போயிருக்கிறது என்று பாருங்கள். பாசியின் கரும்பச்சை முடிந்து கல்லின் நிறம் தொடங்கும் எல்லை அது.

உருவங்கள் தேய்ந்திருப்பதால் யார் யார் என்று கண்டுபிடிக்க ஒரு முறை கைகொடுக்கும். முகத்தைத் தேடாதீர்கள், கோட்டைத் தேடுங்கள். நீளக் கிடந்த உடலும், அதன் நடுவிலிருந்து மேலெழும் தண்டும் தெரிந்தால் அது திருமால். தண்டின் நுனியில் உள்ள சிறு உருவம் பிரமன். ஒரு முனையில் விசிறிபோல விரிவது சேஷனின் படம். காலுக்குப் பக்கத்தில் அமர்ந்த உருவம் திருமகள். இன்னும் கீழே வந்தால் காளையின் முதுகில் சிவனும் உமையும். இதற்குக் காளையின் முதுகுக்கோடும் திமிலும் அடையாளம்.

அதற்கும் கீழே படுகையில் லிங்கங்கள். ஒவ்வொன்றும் சுமார் 25 சென்டிமீட்டர் சதுரம், 10 சென்டிமீட்டர் ஆழம் என்ற அளவில், கட்டம் கட்டமாக. முதல் பார்வைக்கு ஓடையில் யாரோ கல் பதித்ததுபோல இருக்கும். கட்டங்களுக்கு இடையிலான பள்ளம்தான் நீர் ஓடும் வாய்க்கால். சில இடங்களில் லிங்கங்களைச் சுற்றிச் சதுர வரம்பும், ஒரு பக்கம் நீர் வெளியேறும் வாயும் இருக்கும். அதுவே ஆவுடையார். அந்த வாய் நீரோட்டத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தால், செதுக்கியவர்கள் ஓட்டத்தைக் கவனித்து வேலை செய்திருப்பது புரியும். வேலை நடந்தது நீர் குறைந்த மாதங்களிலாகத்தான் இருக்க முடியும். ஓடும் நீருக்குள் உளி எங்கே விழுகிறது என்று தெரியாது.

எண்ணிப் பார்த்து ஆயிரம் வருகிறதா என்று சோதிக்க வேண்டாம். சகஸ்ரம் என்பது இங்கே எண்ணற்ற என்ற பொருளில் வரும் சொல். கர்நாடகத்தில் சிர்சிக்கு அருகே சால்மலா ஆற்றில் உள்ள சகஸ்ரலிங்கத்தைப் பார்த்தவர்கள் ஒப்பிட்டுக்கொள்ளலாம்: அங்கே தனித்தனிப் பாறைகளில் தனித்தனி லிங்கம், பலவற்றுக்கு எதிரே நந்தியும் உண்டு, காலத்தால் மிகப் பிந்தியது. இங்கே தனிப் பாறை என்ற கணக்கே இல்லை, தரை முழுவதும் ஒரே விரிப்பு.

அருவியின் உச்சியில் பசு, தவளை போன்ற உருவங்கள். தவளையைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். தண்ணீர் ஓடும் இடத்தில் தவளையை வைத்த சிற்பியின் குறும்புக்காகவாவது தேடிப் பாருங்கள். அங்கிருந்து மரப்படியில் இறங்கினால் அருவியின் அடி.

நீருக்குள் இருப்பதைப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ஒளிவிலகலால் நீருக்கு அடியில் இருக்கும் மேடு உண்மையான உயரத்தில் முக்கால் பங்காகத்தான் தெரியும். 10 சென்டிமீட்டர் மேடு ஏழரைபோலத் தட்டையாகிவிடும். அதோடு வானத்தின் பளபளப்பு வேறு. உச்சிவெயில் இலைகளின் வழியே புள்ளி புள்ளியாக விழும்போது எதுவுமே பிடிபடாது. காலைச் சாய்வு வெளிச்சமோ மேகமூட்டமோ இருந்தால் கட்டங்கள் எழுந்து நிற்கும். கேமராவில் போலரைசர் வடிகட்டி போட்டால் பளபளப்பு அடங்கும், ஆனால் செங்குத்தாக மேலிருந்து எடுத்தால் பயனில்லை. நீர்ப்பரப்போடு 35 முதல் 40 டிகிரி சாய்வில் நின்று, வடிகட்டியை மெதுவாகச் சுழற்றினால் ஒரு நிலையில் படுகை சட்டென்று தெளியும். சிற்றலைகள் தொல்லை தந்தால் கேமராவை அசையாமல் பிடித்துக் கால் வினாடி திறப்பில் எடுக்கலாம், அலை கரைந்து லிங்க வரிசை தங்கும். கைபேசிக்காரர்களுக்கு வடிகட்டி இல்லையென்றால் குளிர்கண்ணாடி போலரைசர் வகையாக இருக்கிறதா பார்த்து, அதை லென்சின் முன் பிடித்தாலே போதும்.

எது எதனால் சிதைந்தது

மூன்று வகைச் சேதத்தைப் பிரித்துப் பார்க்கப் பழகலாம். ஓரம் மழுங்கி வழவழப்பாக இருந்தால் அது ஆறு செய்தது. மழைவெள்ளம் கொண்டுவரும் மணல், மணற்கல்லை உப்புத்தாள்போலத் தேய்க்கிறது. லிங்கத்தின் நீர் மோதும் பக்கம் மறுபக்கத்தைவிட அதிகம் தேய்ந்திருக்கும். விரிசலும் பிளவும் பெரும்பாலும் வேர்களின் வேலை. கூர்மையான வெட்டு விளிம்போடு, சுற்றிலும் நன்றாக இருக்கும் சிற்பத்தில் ஒரு துண்டு மட்டும் இல்லையென்றால் அது திருட்டு. 2003-இல் பள்ளிகொண்ட திருமாலின் ஒரு பகுதியைக் கொள்ளையர்கள் வெட்டி எடுத்தார்கள். இப்போது அந்த இடத்தில் இருப்பது நகல். நிறத்திலும் தேய்மானத்திலும் ஒட்டாமல் நிற்பதால் உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும். அதன் பிறகு பாலப் பகுதியில் கயிறு கட்டி, நெருங்க விடுவதில்லை.

நான்காவதாக நம் கால்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நீர் வற்றிய மாதங்களில் படுகை நடைபாதைபோலத் தோன்றும், நடுவே நின்று படம் எடுக்க ஆசை வரும். பாசி படிந்த லிங்கத்தின் மேல் மிதித்தால் வழுக்கி விழுவது நீங்கள், உரிந்துபோவது கல்லின் மேற்தோல். மஞ்சள், குங்குமம், எண்ணெய், பால் எதையும் ஊற்ற வேண்டாம். நுண்துளையுள்ள மணற்கல்லில் எண்ணெய் இறங்கினால் வெளியே வராது. அபிஷேகத்தை ஆறு பார்த்துக்கொள்கிறது.

இரண்டு ஆயிரம் லிங்கம்

இதே மலைத்தொடரில், குலேன் மலைமேல் இன்னோர் ஆயிரம் லிங்க ஓடை இருக்கிறது. ஓட்டுநர்களும் பயணிகளும் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வது வாடிக்கை. குலேன் உச்சிக்கு அங்கோர் சீட்டு செல்லாது, தனியாக 20 டாலர். பாதை குறுகலானதால் முற்பகலில் ஏறவும் நண்பகலுக்குப் பிறகு இறங்கவும் மட்டுமே வண்டிகளை விடுவது வழக்கம். 802-இல் இரண்டாம் ஜெயவர்மன் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்ட மகேந்திரபர்வதம் அதுவே. பாறையில் செதுக்கிய பெரிய சயன புத்தரும், குளிக்கத் தோதான அருவியும் அங்கே உண்டு, கூடவே கூட்டமும். வண்டி ஏறக்குறைய லிங்கங்களின் பக்கத்திலேயே போய் நிற்பதால் முதியவர்கள் உடன் வந்தால் குலேன் சரிப்படும். மலையேறத் தெம்பு உள்ளவர்களுக்குக் க்பால் ஸ்பியன். ஒரே நாளில் இரண்டையும் அடைப்பது முடியாத காரியம் அல்ல, ஆனால் இரண்டிலும் மனம் நிற்காது.

ஒரு நாள் கூடுதலாகக் கையில் இருந்தால் அதைச் சமவெளியில் செலவிடலாம். பொன் லிங்கம் வைத்த உதயாதித்யவர்மனின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படுவது மேற்கு பாராய் ஏரி, ஏறக்குறைய 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. அதன் நடுவில், நம் தெப்பக்குளத்து நீராழி மண்டபம்போல, மேற்கு மேபோன் என்ற கோயில். 1936-இல் அங்கே மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது வெண்கலத்தில் வார்த்த பள்ளிகொண்ட திருமால். தலையும் தோளும் இரண்டு கைகளும் மிஞ்சியிருக்கின்றன. முழுதாக இருந்தபோது ஐந்து மீட்டருக்கும் அதிக நீளம் என்று மதிப்பிடுகிறார்கள். 1296-97-இல் அங்கோருக்கு வந்த சீனத் தூதர் சூ தாகுவான், ஏரி நடுவே கிடந்த வெண்கல உருவம் ஒன்றின் தொப்புளிலிருந்து இடைவிடாமல் நீர் வந்ததாக எழுதிவைத்தார். அதைப் புத்தர் என்றும், ஏரி கிழக்கே இருப்பது என்றும் குறித்தார். இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டார் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. அந்த வெண்கலத்தைச் சியம் ரீப்பில் தேட வேண்டாம். அது புனோம் பென் தேசிய அருங்காட்சியகத்துக்கு உரியது. வெளிநாட்டுக் கண்காட்சிக்கும் சீரமைப்புக்கும் அனுப்புவதுண்டு என்பதால், இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.